பொருநைக் கரை இரும்பு வாள்களின் காலமும் உண்மைத்தன்மையும்: ஆதிச்சநல்லூர், சிவகளைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் ஈமக்காடுகளில் கிடைத்த இரும்பு வாள்கள் தமிழக இரும்புக்கால ஆய்வில் முதன்மையான இடம் பெறுகின்றன. ஆதிச்சநல்லூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்ட வாள்களின் உண்மைத்தன்மை ஐயத்திற்கு உரியதன்று. ஆயினும் அவை ஒவ்வொன்றின் காலமும் இன்னும் தனித்தனியே நிறுவப்படவில்லை. சிவகளை ஈமக்காட்டிலிருந்து கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் காலக்கணிப்புகள் வெளியான பின்னர், ஒரு களத்திற்குக் கிடைத்த காலத்தை அக்களத்தின் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஏற்றிக் கூறும் போக்கு வலுப்பெற்றுள்ளது. வாளின் உலோகம், அலகு, பிடி, புதைவு ஆகிய நான்கிற்கும் தனித்தனிக் காலம் உண்டு என்பதையும், எந்தச் சோதனை எந்தக் காலத்தைத் தருகிறது என்பதைப் பிரித்தறிந்த பின்னரே ஒரு வாளின் தொன்மையை உரைக்க இயலும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதிச்சநல்லூர், சிவகளை, தாழி, இரும்பு வாள், கரிமக் காலக்கணிப்பு, துரு, பாளையக்காரர்

முன்னுரை

தொல்பொருள் ஒன்றைக் குறித்து எழும் முதன்மையான வினாக்கள் இரண்டு. அது உண்மையில் பழமையானதா என்பது ஒன்று; பழமையானது எனின் எவ்வளவு பழமையானது என்பது மற்றொன்று. மட்கலத்திற்கும் காசிற்கும் கல்வெட்டிற்கும் இவ்வினாக்களுக்கு விடை காணும் முறைகள் ஓரளவு நிலைபெற்றுள்ளன. எழுத்து வடிவம் கல்வெட்டின் காலத்தைக் காட்டும். அரசன் பெயரும் சின்னமும் காசின் காலத்தைக் காட்டும். இரும்பு வாளுக்கு இத்தகைய உதவிகள் இல்லை. பொறிப்போ உருவமோ இல்லாத வாள், துருவேறிய நிலையில் தன் காலத்தைத் தானே அறிவிப்பதில்லை.

வாளின் காலத்தைப் பெரும்பாலும் அதனைச் சூழ்ந்திருந்த பொருள்களே தருகின்றன. எனவே வாளும் அதன் சூழலும் எவ்வாறு பிணைந்திருந்தன என்ற பதிவே காலக்கணிப்பின் அடிப்படையாகிறது. பொருநைக் கரையின் வாள்களை இந்நோக்கில் ஆராயும்போது, களத்தின் தொன்மை உறுதிப்பட்ட அளவிற்கு வாளின் தொன்மை உறுதிப்படவில்லை என்பது புலனாகிறது.

1. ஆதிச்சநல்லூர் வாள்கள் சேகரிக்கப்பட்ட வரலாறு

ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் வட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றோரத்து உயர்ந்த பரம்பு நிலத்தில் ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்பில் ஈமக்காடு விரிந்துள்ளது.

1876இல் ஜெர்மானிய அறிஞர் யாகோர் இங்கு அகழ்ந்து, மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் எலும்புகளையும் பெர்லின் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றார். இந்தியத் தொல்லியல் துறையின் தென் வட்டப் பொறுப்பில் இருந்த அலெக்சாண்டர் ரீ, 1899 முதல் 1905 வரையிலான காலத்தில் பல பருவங்களில் விரிவான அகழாய்வு நடத்தினார். அதே காலப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் எடுத்த பொருள்கள் பாரிசுக்குச் சென்றன. ரீ எடுத்த பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றிற்கான விவர அட்டவணை 1915இல் அச்சாயிற்று. இவ்வாறு ஒரே ஈமக்காட்டின் பொருள்கள் மூன்று நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன.

ரீயின் பதிவில் வாள், குத்துவாள், ஈட்டி, அம்பு முனை, கோடரி, மண்வெட்டி, முக்காலி எனப் பல இரும்புப் பொருள்கள் இடம்பெறுகின்றன. கருவிகள் முனை கீழ்நோக்கிய நிலையில், ஈமச்சடங்கில் கலந்துகொண்டோர் சூழ்ந்த மண்ணில் குத்தி நிறுத்தியது போலக் காணப்பட்டன என்பது அவர் குறித்த முக்கியமான செய்தி. பாறையைக் குடைந்து தாழிக்குக் குழி அமைத்த முறையையும், தாழியினுள் நெல் உமி கிடைத்ததையும், உலோகத்தை ஒட்டியிருந்தமையால் துணியின் சுவடுகளும் மரத்தின் சுவடுகளும் எஞ்சியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

அக்காலத்தின் அளவுகோலில் இப்பதிவு மதிக்கத்தக்கது. எனினும் இன்றைய வினாக்களுக்கு அது போதவில்லை. குறிப்பிட்ட ஒரு வாள் தாழியின் உள்ளே இருந்ததா, வெளியே மண்ணில் குத்தப்பட்டிருந்ததா, அதனுடன் எந்தக் கலங்கள் இருந்தன, அதன் மேலும் கீழும் அமைந்த மண்ணடுக்கு எத்தகையது என்பவற்றை ஒவ்வொரு வாளுக்கும் தனித்தனியே மீட்டெடுப்பது கடினம். கரிமக் காலக்கணிப்பு 1940களின் இறுதியில்தான் உருவாயிற்று. எனவே வாளின் அருகே கிடந்த கரித்துண்டைக் காப்பாற்றும் தேவை 1900இல் எவருக்கும் தோன்றியிருக்க இயலாது.

2004, 2005ஆம் ஆண்டுகளில் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. தாழிகள் மூன்று அடுக்குகளாகப் புதைக்கப்பட்டிருந்தமை அப்போது வெளிப்பட்டது. இந்த ஒரு செய்தியே பழைய சேகரிப்பை நோக்கும் முறையை மாற்றுகிறது. ஒரே இடத்தில் தலைமுறைகள் பலவாகப் புதைத்து வந்த மக்களின் ஈமக்காட்டிற்கு ஒற்றைக் காலம் இருக்க இயலாது. ஆகவே ‘ஆதிச்சநல்லூர் வாள்’ என்ற தொடர் ஓர் இடத்தைக் குறிக்குமேயன்றி ஒரு காலத்தைக் குறிக்காது.

2. ஒரு வாளின் நான்கு காலங்கள்

வாளின் காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் நான்கு நிகழ்வுகளின் காலத்தைத் தன்னுள் அடக்கியுள்ளது.

முதலாவது, உலோகம் உருவான காலம். தாது ஊதுலையில் மரக்கரியோடு சேர்ந்து இரும்பாகிய காலம் இது. இரண்டாவது, அலகு அடிக்கப்பட்ட காலம். பழைய இரும்பைச் சேர்த்து உருக்கியோ பற்றவைத்தோ புதிய அலகு செய்வது எல்லாக் காலத்துக் கொல்லரும் மேற்கொண்ட வழக்கம். எனவே முதலிரு காலங்களும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, பிடி பொருத்தப்பட்ட காலம். அலகு நீண்ட நாள் உழைக்கும். மரப்பிடியும் கொம்புப்பிடியும் பலமுறை மாறும். நான்காவது, வாள் மண்ணுள் சென்ற காலம். முன்னோரின் வாள் பல தலைமுறை கழித்தும் புதைக்கப்படலாம்.

தொல்லியல் முறைகள் இந்நான்கையும் ஒருசேரத் தருவதில்லை. இரும்பினுள் உள்ள கரிமத்தை அளந்தால் முதற்காலம் கிடைக்கிறது. வடிவ ஒப்பீடு இரண்டாம், மூன்றாம் காலங்களைத் தொடுகிறது. தாழியோடு சேர்ந்த நெல்லோ கரித்துண்டோ நான்காம் காலத்தைச் சுட்டுகிறது. சுட்ட மண் தாழியை ஒளிர்வு முறையால் அளந்தால் தாழி சூளையில் வெந்த காலம் கிடைக்கிறது. ஒரு முறையின் விடையை மற்றொரு காலத்திற்கு உரியதாகக் கொள்ளும்போதுதான் பெரும் பிழைகள் நேர்கின்றன.

3. வடிவச் சான்றும் அதன் வரம்பும்

வாளின் வடிவத்தைக் கொண்டு காலம் கூறுவது பழைய முறை. இருபுறக் கூர், நடுமுகடு, பிடிக்குள் செல்லும் காம்பு, முனையின் அமைப்பு ஆகியவை நோக்கப்படும். இம்முறைக்குக் காலம் உறுதியான ஒப்பீட்டுப் பொருள்கள் தேவை. இடைக்காலத் தமிழகத்திற்கு இவ்வுதவி உண்டு. செங்கம் பகுதி நடுகற்களில் பல்லவர் கால அரசாண்டுக் குறிப்புடன் வீரரின் உருவமும் படைக்கலமும் சேர்ந்தே உள்ளன. ஆகவே அங்கே வாளின் வடிவத்திற்குக் காலக்குறிப்பு அருகிலேயே கிடைக்கிறது. ஆதிச்சநல்லூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் தூண் சிற்பங்கள், நாயக்கர் கால வாளையும் கேடயத்தையும் நுணுக்கமாகக் காட்டுகின்றன.

இரும்புக்கால ஈமச்சின்னங்களுக்கு இத்தகைய காலக்குறிப்புடைய உருவங்கள் இல்லை. ஓர் ஈமக்காட்டு வாளை மற்றோர் ஈமக்காட்டு வாளோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருப்பதால் ஒரே காலத்தவை என முடிவு செய்வது, அறியாத ஒன்றைக் கொண்டு அறியாத மற்றொன்றை விளக்குவதாகும். மேலும் போர்க்கருவியின் வடிவம் பயன்பாட்டால் நிர்ணயிக்கப்படுவது. வெட்டவும் குத்தவும் ஏற்ற எளிய இருபுறக் கூர் அலகு பல நூற்றாண்டுகள் மாறாமல் நீடிக்க இயலும்.

வடிவத்தை மட்டும் நம்புவதால் நேரும் பிழைக்கு உலக அளவில் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வெனிசு நகரின் ஆர்மீனியத் துறவியர் மடத்து அருங்காட்சியகத்தில் இடைக்காலப் பொருள்களுடன் வைக்கப்பட்டிருந்த சிறு வாள் ஒன்று, அனத்தோலியாவில் கிடைத்த மிகப் பழைய வாள்களை ஒத்திருப்பது 2017இல் கவனிக்கப்பட்டது. உலோகத்தைச் சோதித்தபோது அது ஆர்சனிக் கலந்த செம்பு எனத் தெரிந்தது. அதன் காலம் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என மதிப்பிடப்பட்டது. அருங்காட்சியகப் பேழையில் அருகே வைக்கப்பட்டவற்றின் காலம் அதற்கும் உரியதாகக் கருதப்பட்டு வந்தது. ஒப்பீடு ஐயத்தை எழுப்பியது. அந்த ஐயத்திற்கு உலோகச் சோதனையே வலுச் சேர்த்தது. வடிவ ஆய்வின் சரியான இடம் இதுவே.

4. துருவும் உலோகமும்: உண்மைத்தன்மைச் சோதனை

உண்மைத்தன்மை குறித்த வினா அகழாய்வில் கிடைத்த வாளுக்கு அரிதாகவே எழும். தற்செயலாகக் கிடைத்தவை, குடும்பங்களில் காக்கப்படுபவை, விற்பனைக்கு வருபவை ஆகியவற்றிற்கு அது தவிர்க்க இயலாதது. திருநெல்வேலிச் சீமையில் இவ்வினாவிற்குத் தனிக் காரணமும் உண்டு. சுடலைமாடன் முதலிய நாட்டார் தெய்வங்களின் கோயில்களில் வல்லயமும் அரிவாளும் நேர்த்திக்கடனாகச் சாத்தப்படுகின்றன. வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் இவ்வகை இரும்புகள் சில பத்தாண்டுகளிலேயே பழம்பொருளின் தோற்றம் பெற்றுவிடும். இங்கு ஏமாற்றும் நோக்கம் எவருக்கும் இல்லை; ஆயினும் பிழையான முடிவிற்கு வழி திறந்தே உள்ளது.

துருவின் தன்மை முதற்சான்று. நெடுங்காலம் புதைந்த இரும்பில் துரு மேற்பூச்சாக நில்லாமல் உலோகத்தின் உள்வரை செல்கிறது. மணலும் களிமண்ணும் சரளையும் துருவோடு இறுகிப் பிரிக்க இயலாதபடி ஒன்றாகின்றன. ஒட்டியிருந்த துணியின் நெசவும் மரப்பிடியின் நாரும் துருவில் படிவாகின்றன. ரீ குறித்த துணி, மரச் சுவடுகள் இவ்வகையின. அமிலம் கொண்டு செயற்கையாக ஏற்படுத்திய துரு இதற்கு மாறானது. அது மேற்பரப்பை அரித்துக் குழிகளாக்கும். அடியில் உலோகம் பெரிதும் கெடாமல் இருக்கும். ஊடுகதிர்ப் படம் எடுத்தால் எஞ்சிய உலோகத்தின் அளவும் பற்றவைப்பின் கோடுகளும் பொருளைச் சிதைக்காமலே புலப்படும்.

உலோகத்தின் உட்கூறு இரண்டாம் சான்று. ஊதுலை இரும்பு உருகி ஓடாத நிலையில் உருவாகி, அடித்து இறுக்கப்படுவது. எனவே அதனுள் கசடு நூல் போல நீண்டு தங்கியிருக்கும். 1856இல் பெசமர் முறை அறிமுகமான பின் பெருமளவில் உற்பத்தியான எஃகில் இக்கசடு நூல்கள் இல்லை. மாங்கனீசு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டுள்ளது. இவ்விரு அடையாளங்களும் சேர்ந்து காணப்படும் அலகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆனால் கசடு இல்லாமை மட்டும் போலிக்குச் சான்றாகாது. மூசையில் உருகிய தென்னிந்திய உருக்கிலும் கசடு பெரிதும் நீங்கிவிடும். சேலம் மாவட்டத் தெலுங்கனூரின் ஈமச்சின்னத்தில் கிடைத்த இருபுறக் கூர் வாளை ஆராய்ந்து பார்க், கா. ராஜன், ரமேஷ் ஆகியோர் 2020இல் வெளியிட்ட கட்டுரை, அது உயர் கரிம எஃகால் ஆனது எனக் காட்டியது. உயர்ந்த எஃகு என்பதாலேயே ஒரு வாளைப் பிற்காலத்தது எனத் தள்ள இயலாது என்பதற்கு இது சான்று.

நிக்கல் அளவும் நோக்கத்தக்கது. விண்கல் இரும்பில் நிக்கல் மிகுந்திருக்கும். எகிப்தின் துத்தன்காமன் கல்லறைக் குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது என்பது 2016இல் உலோகச் சோதனையால் உறுதிப்படுத்தப்பட்டது. மிகப் பழைய காலம் உரைக்கப்படும் எந்த இரும்புப் பொருளுக்கும் தாதுவை உருக்கிப் பெற்றதா, விண்கல்லை அடித்துச் செய்ததா என்ற வினாவிற்கு விடை கண்டாக வேண்டும். இரும்பு இருந்தது என்பது ஒன்று. இரும்பு உருக்கும் தொழில் இருந்தது என்பது மற்றொன்று.

5. இரும்பினுள் உறையும் கரிமம்

ஊதுலையில் மரக்கரியிலிருந்து சிறிதளவு கரிமம் இரும்பில் சேர்கிறது. மரம் உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து பெற்ற கதிரியக்கக் கரிமம் அதனுடன் வருகிறது. 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் இக்கரிமத்தை அளந்தால் இரும்பின் காலத்தை நேராகவே அறியலாம். வான் டெர் மெர்வே 1969இல் வெளியிட்ட நூல் இம்முறையை நிலைநிறுத்தியது. அப்போது பெருமளவு உலோகம் தேவைப்பட்டமையால் அரிய பொருள்களில் சோதிக்க இயலவில்லை. ஏ.எம்.எஸ். எனப்படும் முடுக்கி நிறைமாலை முறை வந்தபின் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கரிமமே போதுமானதாயிற்று. ஒரு விழுக்காடு கரிமம் உள்ள எஃகாயின் அதற்கு நூறு மில்லிகிராம் உலோகம் போதும்.

மேட்டூர் அருகிலுள்ள மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய ஊர்களின் இரும்புப் பொருள்கள் இவ்வாறு நேரடியாகக் கணிக்கப்பட்டன. மாங்காட்டு மாதிரிக்குக் கி.மு. 1604–1416 என்றும், தெலுங்கனூர் மாதிரிக்குக் கி.மு. 1435–1233 என்றும் காலங்கள் கிடைத்தன. தமிழக இரும்பின் காலத்தைச் சூழலின் துணையின்றி உலோகத்திலிருந்தே பெற்றமை இவற்றின் சிறப்பு.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. பழைய முதிர்ந்த மரத்தின் நடுவைரத்தை எரித்துச் செய்த கரி, உலை எரிந்த காலத்தை விடப் பழைய காலத்தைக் காட்டும். உலையில் சுண்ணாம்புக்கல் சேர்ந்தாலும் அவ்வாறே நேரும். பழைய இரும்பும் புதிய இரும்பும் கலந்தால் இரண்டிற்கும் இடைப்பட்ட பொய்க்காலம் வரும். போலியைக் கண்டறிய இம்முறை எதிர்பாராத வகையில் உதவுகிறது. கற்கரியால் உருக்கிய இக்கால எஃகில் கதிரியக்கக் கரிமம் அநேகமாக இராது. ஏனெனில் நிலக்கரி பல கோடி ஆண்டுகள் பழமையானது. அத்தகைய அலகு பல்லாயிரம் ஆண்டுத் தொன்மையைக் காட்டும். இயலாத பழமையே அங்குப் புதுமையின் அடையாளமாகிறது.

மற்றொரு வரம்பு இயற்கையில் அமைந்தது. கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடையே காற்று மண்டலக் கரிமத்தின் அளவுத்திருத்தக் கோடு ஏறத்தாழச் சமதளமாக உள்ளது. ஐரோப்பியத் தொல்லியலில் இதனை ஹால்ஸ்டாட் சமதளம் என்பர். இந்நானூறு ஆண்டுகளுக்குள் எப்பொழுது வெட்டப்பட்ட மரமாயினும் கரிமக் கணிப்பு ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். 2004ஆம் ஆண்டு ஆதிச்சநல்லூர் அகழாய்வு மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 எனக் காலங்கள் கிடைத்தன என 2019இல் அறிவிக்கப்பட்டது. இவற்றுள் பின்னது இச்சமதளத்தினுள் விழுகிறது. அதனை ஒற்றை ஆண்டாக எழுதிக் காட்டுவது, முறை தராத நுட்பத்தை முறைக்கு ஏற்றுவதாகும். கால எல்லையை முழுமையாகக் குறிப்பதே ஆய்வு நெறி.

6. சிவகளை: தாழியின் காலமும் வாளின் காலமும்

ஆதிச்சநல்லூருக்கு அண்மையில் உள்ள சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019–20 முதல் மூன்று பருவங்கள் அகழாய்வு நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளும், அவற்றின் உள்ளும் புறமும் கத்தி, அம்பு முனை, மோதிரம், உளி, கோடரி, வாள் உள்ளிட்ட இரும்புப் பொருள்களும் வெளிப்பட்டன. தாழி ஒன்றினுள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டது. கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதி 2025 சனவரி 23 அன்று வெளியிடப்பட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளைத் தாழிகளின் கரி மாதிரிகளுக்குக் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரையிலான காலங்களைத் தெரிவித்தது. ஒரே களத்தின் மாதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் கணிக்கப்பட்டமை இக்கணிப்பின் வலிமை.

இம்முடிவுகளின் முதன்மையை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. அவற்றிலிருந்து வாளைக் குறித்து எதனை அறிய முடிகிறது என்பதே இங்கு எழும் வினா. அளக்கப்பட்டது கரி, வாளின் உலோகம் அன்று. கரி எரிந்த காலமும் தாழி புதைந்த காலமும் ஒன்று எனவும், தாழி புதைந்த காலமும் இரும்புப் பொருள் இடப்பட்ட காலமும் ஒன்று எனவும் நிறுவிய பின்னரே, கரியின் காலம் இரும்பின் காலமாக நிற்கும். மூடி சிதையாத, மண் புகாத தாழியினுள் இவ்விரு தொடர்பும் வலுவாக இருக்கும். மூடி உடைந்து மண் நிறைந்த தாழியில் அவை தளரும். தாழிக்கு வெளியே மண்ணில் குத்தப்பட்ட வாளுக்கோ இன்னும் தளரும். ரீ கண்ட ‘முனை கீழ்நோக்கிய’ வாள்கள் இந்த இறுதி வகைக்கு நெருங்கியவை என்பதை மறக்கலாகாது.

ஒரே ஈமக்காட்டில் நெல் கி.மு. 1155ஐயும் கரி கி.மு. 3345ஐயும் காட்டுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 2200 ஆண்டுகள். இவ்வேறுபாட்டை இருவகையாக விளக்கலாம். ஈமக்காடு மிக நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்தது என்பது ஒன்று. கரி மாதிரிகளுள் சில, தாழியை விடப் பழைய மரத்திற்கோ பழைய தீயின் எச்சத்திற்கோ உரியவை என்பது மற்றொன்று. பல மாதிரிகள் ஒத்துச் செல்வது முதல் விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது. நெல் ஓராண்டுப் பயிர். அதில் பழமர விளைவு இல்லை. ஆதலால் மேலும் பல தாழிகளின் தானியங்களைக் கணிப்பதே இரு விளக்கங்களையும் பிரித்தறியும் வழி. எவ்வாறாயினும், சிவகளையில் கிடைத்த ஒரு வாளைக் கி.மு. 3345க்கு உரியது எனவோ கி.மு. 1155க்கு உரியது எனவோ அதன் தாழியைக் குறிப்பிடாமல் கூற இயலாது.

7. பிற்கால வாள்கள்: பாளையக்காரர் காலம்

இதே பள்ளத்தாக்கில் மற்றொரு வகை வாள்கள் குடும்பங்களிலும் கோயில்களிலும் எஞ்சியுள்ளன. அவை மண்ணுள் செல்லாதவை. பாளையக்காரர் காலத்தவை எனச் சொல்லப்படுபவை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்ததும் அறிந்தவை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிக்கை படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. படைக்கலங்கள் பறிக்கப்பட்ட ஒரு சீமையில் எஞ்சிய வாள் அரிது. அரிது என்பதாலேயே புகழ்பெற்ற பெயரோடு அதனை இணைக்கும் விருப்பமும் மிகுகிறது.

இவ்வகை வாள்களுக்கும் நான்கு காலங்களின் பாகுபாடு பொருந்துகிறது. தக்காணத்திலும் தென்னகத்திலும் ஐரோப்பிய அலகுகள் இறக்குமதியாகி உள்நாட்டுப் பிடிகளில் பொருத்தப்பட்டன. இவ்வாள்கள் பிரங்கி எனப்பட்டன. ஜெர்மனியின் சோலிங்கன் நகர முத்திரைகளை உள்நாட்டுக் கொல்லரும் அலகில் பொறித்தனர். எனவே முத்திரையைக் கொண்டு அலகின் பிறப்பிடத்தை உறுதிசெய்ய இயலாது; அலகைக் கொண்டு பிடியின் காலத்தையும் கூற இயலாது. பழைய அலகில் 19ஆம் நூற்றாண்டுப் பிடி அமைந்த வாள் போலியன்று. அது இருமுறை வாழ்ந்த வாள். அதனை ஒரே காலத்துப் பொருளாக விவரிப்பதே பிழை.

குடும்ப மரபு இங்குச் சான்றாகக் கொள்ளத்தக்கதே. எனினும் அது நான்காம் காலத்திற்கு, அதாவது வாள் ஒரு கைக்கு வந்து சேர்ந்த நிகழ்விற்கு மட்டுமே சான்றாகும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நூறு ஆண்டு நிறைந்த பொருளைத் தொல்பொருள் என வரையறுக்கிறது. மண்ணில் தற்செயலாகக் கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. இவ்விதிப்படி தெரிவிக்கப்படும்போது கிடைத்த இடமும் நாளும் எழுத்தில் பதிவாகின்றன. காலக்கணிப்பிற்கு அப்பதிவு இன்றியமையாதது.

8. பழைய சேகரிப்பை மீண்டும் வினவுதல்

ஆதிச்சநல்லூரின் பழைய வாள்களிலிருந்து இன்றும் காலம் பெற இயலுமா என்ற வினா அவசரமானது. மண்ணில் இருந்த குளோரைடு உப்பு இரும்பினுள் தங்கியிருப்பின், கடலோர நகரின் ஈரக்காற்றில் துரு தொடர்ந்து வளரும். அலகு ஏடு ஏடாகப் பிரியும். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் சான்றைக் குறைக்கிறது.

முழுவதும் துருவாகிய வாளிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. எஃகின் சிமென்டைட்டுக் கூறுகள் சில வேளைகளில் துருவினுள் அழியாமல் எஞ்சுகின்றன. துருவேறிய இரும்பிலிருந்து கரிமத்தைப் பிரித்துக் காலம் கணிக்கும் முயற்சிகள் 2000ஆம் ஆண்டிற்குப் பின் வெளியாகியுள்ளன. துருவில் ஒட்டிய துணி நாரும் மர நாரும் முற்றிலும் கனிமமாகாமல் இருப்பின் அவை இன்னும் சிறந்த மாதிரிகள். பிடியின் காலத்தையே அவை நேராகத் தரும். ஆனால் பாதுகாப்பிற்காகப் பூசிய மெழுகும் பிசினும் கணிப்பைத் திரிக்கும். பெட்ரோலிய மெழுகு கதிரியக்கக் கரிமம் அற்றது. அது வாளைப் பொய்யாக முதுமைப்படுத்தும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் பொறுப்பில் வேதியியல் பாதுகாப்புப் பணி நடைபெற்றது. எப்பொருளுக்கு எப்போது எந்தப் பூச்சு இடப்பட்டது என்ற பணிப்பதிவைத் தேடிக் காண்பது, மாதிரி எடுப்பதற்கு முந்திய கடமையாகிறது.

இதனடிப்படையில் சோதனை ஒரு வரிசையில் அமைய வேண்டும். முதலில் பதிவேட்டு எண்ணை 1915 அட்டவணையோடும் படத்தோடும் ஒப்பிட்டு வாளின் அடையாளத்தை உறுதி செய்தல்; அடுத்து ஊடுகதிர்ப் படத்தால் எஞ்சிய உலோகத்தை அறிதல்; பின்னர் நார்ச் சுவடுகளை நுண்ணோக்கியால் தேடுதல்; அதன் பின்னரே முறிந்த விளிம்பிலிருந்து மிகச் சிறு மாதிரியை எடுத்து, உட்கூறு ஆய்வையும் கரிமக் கணிப்பையும் அதே மாதிரியில் நிகழ்த்துதல். பெர்லின் சேகரிப்பிற்கும் பாரிசுச் சேகரிப்பிற்கும் இவ்வரிசையே பொருந்தும். மூன்று நகரங்களின் சேகரிப்பும் ஒரே முறையில் ஆராயப்பட்டால், வெவ்வேறு பாதுகாப்பு வரலாறு கொண்ட ஒரே களத்துப் பொருள்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

முடிவுரை

பொருநைக் கரையின் இரும்பு வாள்கள் உண்மையானவை, பழமையானவை. அவற்றின் பழமை எவ்வளவு என்பதற்கு இன்று கிடைத்துள்ள விடைகள் பெரும்பாலும் களத்திற்கும் தாழிக்கும் கரிக்கும் நெல்லுக்கும் உரியவை. அவ்விடைகளை வாளின் மேல் ஏற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு பிணைப்பு நிறுவப்பட வேண்டும். அப்பிணைப்பு ரீயின் காலத்து வாள்களில் பெரிதும் அறுந்துள்ளது. சிவகளையில் தாழிக்குத் தாழி வேறுபடுகிறது. குடும்ப வாள்களில் நினைவாக மட்டும் நிற்கிறது.

உலோகத்திலிருந்தே நேராகக் காலம் பெறும் முறை மேட்டூர்ப் பகுதிப் பொருள்களில் வெற்றி கண்டுள்ளது. அதே முறையைச் சிவகளை வாளுக்கும் ஆதிச்சநல்லூர் வாளுக்கும் பயன்படுத்துவது தமிழக இரும்பின் தொன்மை குறித்த உரிமைக்கூற்றை வலுப்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். வலுப்படுத்தினால் அக்கூற்று உலக அரங்கில் எவ்வினாவிற்கும் நின்று விடை சொல்லும். திருத்தினாலும், தாழிகளின் காலவரிசை தெளிவுறும். துருவின் வளர்ச்சி ஆய்வின் விரைவுக்காகக் காத்திருப்பதில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் வாள்களில் எஞ்சிய உலோகத்தையும் நாரையும் கணக்கெடுப்பதே இத்துறையில் முதலில் செய்யத்தக்க பணியாகும்.